‘காணும்’ என்று சொல்லும் வரை

கண்ணாடிக்குக் கண் அளக்கும் தொழிலில், வேலை முடிந்ததா என்பதை நாம் தீர்மானிப்பதில்லை; எதிரே கதிரையில் இருப்பவர் வாயிலிருந்து ‘காணும்’ என்ற சொல் வரவேண்டும். தெரிகிறது என்பதற்கும் போதும் என்பதற்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல்லே காணும்.

எனக்கு வவுனியாவில் வீடு, புதுக்குடியிருப்பில் கண் கிளினிக், இடையில் இரண்டு பஸ்கள். அண்மையில், வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய பெரிய வைத்தியசாலைக்கு இடமாற்றம் வாய்த்தது. நல்ல இயந்திரங்கள் உள்ள இடம். அங்கே ஒருமுறை கண் அளந்த நோயாளரை மறுபடி காண்பது மட்டும் அரிது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும். திங்கட்கிழமையை நினைத்து ஞாயிறு மாலையே முகம் வாடும் என் இனத்தவரே, இந்த வேலையில் எனக்குத் திருப்தி உண்டா என்று அந்த வாரந்தான் முதன்முறையாக என்னையே கேட்டேன். நினைவுக்கு வந்தவை இவை.

மீன் முள்

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த திரேசம்மா, கையில் கொடுத்த அட்டையின் மிகச் சிறிய எழுத்தையும் பிழையின்றி வாசித்தார். ஆனாலும் ‘காணாது’ என்றார். வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டேன், அப்போதும் காணாது. அப்படி எதைத்தான் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். பார்வையில்லாத கணவருக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பது அவர்தானாம்.

வெள்ளைத் தாளில் வெள்ளை நூல் ஒன்றைப் பிய்த்து வைத்தேன். இன்னும் இரண்டு வில்லைகள் மாறிய பிறகு, அதை நகத்தால் பிடித்துத் தூக்கிக் காட்டினார். “எழுத்துப் பிழைச்சால் திருப்பி வாசிக்கலாம், பிள்ளை. முள்ளுப் பிழைச்சால் அவரின்ரை தொண்டையிலை எல்லோ நிக்கும்.”

அயல் வயல்

ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் கந்தையா ஐயா, கண்ணாடி வாங்கிய சில நாட்களிலேயே திரும்பி வந்தார். குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, கண்ணாடியை வாங்கித் துடைத்து, காதில் மாட்டும் கம்பியைச் சரிசெய்யத் தொடங்கினேன். அவர் தடுத்தார். அயலவரின் வயல் தம்முடையதைவிடச் செழிப்பென்று பல போகங்களாக மனதுக்குள் புழுங்கியவராம். தம் மனம் ஆறியதைச் சொல்வதற்கென்றே பஸ் ஏறி வந்திருக்கிறார். அத்தனை நேர்மையாகத் தம் பொறாமையை ஒப்புக்கொண்ட வேறொருவரை நான் சந்தித்ததில்லை.

“கண்ணாடி போட்டுப் பாத்தன், மிஸ். அவன்ரை வயலிலை பச்சையா நிண்டதிலை பாதி நெல்லில்லை, கோரைப் புல்லு. இப்ப நல்லா நித்திரை வருது.”

கதிரை மாறியபோது

வியாழக்கிழமை எல்லோரும் போன பின், உடன் வேலை செய்யும் தாதி றஜனி என்னைப் பிடித்து நோயாளர் கதிரையில் இருத்தினார். எவ்வளவு கூட்டமானாலும் குரல் உயர்த்தாதவர். அன்றும் அமைதியாகவே, வில்லை போடும் வெறும் சட்டத்தை என் மூக்கில் மாட்டினார்.

“இது வவுனியா. வீட்டுச் சாப்பாடு, பஸ் அலைச்சல் இல்லை.” பிறகு ஒரு வில்லையைச் செருகினார். “இது புதுக்குடியிருப்பு. சொல்லுங்கோ, முதலாவதோ, ரெண்டாவதோ?”

நாள் முழுவதும் நான் கேட்கும் கேள்வி. இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்றேன். நோயாளர்கள் தப்பிக்கச் சொல்லும் அதே பதில். றஜனி வில்லையைக் கழற்றவில்லை.

“அங்கையும் கண் அளக்கலாம், அக்கா. கோரைக் கதை சொல்ல ஆர் பஸ் ஏறி வாறது?”

மறுநாள் இடமாற்றம் வேண்டாமென்று அறிவித்துவிட்டேன். வேலை காணும், பஸ்ஸில் இருக்க இடந்தான் இன்னும் காணாது.