சாட்சி சொன்ன பிறகு

என் கணவருக்குச் சர்க்கரை. இருவேளையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சபையின் உபவாசக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் அவர் வயிற்றில் கைவைத்து, இன்றோடு உனக்கு ஊசி இல்லை என்று கர்த்தர் சொல்லுகிறார் என்றார். அன்றைக்கே என் கணவர் ஊசியை நிறுத்திவிட்டார். ஊழியக்காரர் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனார். மருந்து எங்கள் பிரிட்ஜ் கதவில் கிடந்தது.

அதோடு விட்டிருந்தால் எப்படியாவது பேசி வழிக்குக் கொண்டுவந்திருப்பேன். ஆனால் இவர் ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்லிவிட்டார். எங்கள் சபையில் அது லேசுப்பட்ட காரியமில்லை. சுகம் பெற்றேன் என்று எல்லார் முன்னாலும் அறிக்கையிட்ட பிறகு மருந்தைத் தொட்டால் அவிசுவாசம். சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பதுகூட அவிசுவாசம் என்று அவராக ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். சபை கைதட்டியது. நான் தட்டவில்லை.

நானும் ஜெபிக்கிறவள்தான். சுகம் கொடுக்க தேவனால் முடியும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் பேசியது தேவனா, மனுஷனா என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஆமென் போடுவதா விசுவாசம்? போதகரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனுஷர், ஆனால் வழவழ கொழகொழ என்று பேசினார். பொறுத்துப் பார்ப்போம் என்றார். எதைப் பொறுப்பது? வீட்டில் இவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிற்று.

ஒருநாள் காலையில், திருவேங்கடம் ரோட்டில் எங்கள் பெயிண்ட் கடை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மூச்சு இரைத்தது. வாயில் அழுகிய பழ வாடை. கூடப் போயிருந்த நான், என் பைக்குள் ஒளித்து வைத்திருந்த சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்து, அவர் கையை இழுத்து விரலில் குத்தினேன். எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டால் அது 'ஹை' என்று மட்டும் காட்டும்.

அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ சபையில நான் சொன்னது பொய்யாயிருமே, ஏட்டி. கர்த்தர் நாமத்துக்குல்லா கேவலம்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நீங்க சொன்னதுதான் பொய்யாவும். கர்த்தர் எப்படிப் பொய்யாவாரு? அவரைக் காப்பாத்த நீங்க சாவணுமாக்கும்? ஆட்டோல ஏறுங்க."

ஏறினார். பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்வரை எனக்கு ஜெபம் வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். வாங்கிக்கொண்டேன். ஆள் பிழைத்தால் போதும் என்றிருந்தது.

பிழைத்து வீடு வந்தார். அடுத்த ஞாயிறு மறுபடி மைக் கேட்டார். போதகர் தயங்கித்தான் கொடுத்தார்.

"சுகமாயிட்டேன்னு சொன்னேன். ஆகலை. ஊசி போடுதேன். ஜெபமும் பண்ணுதேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. முன்வரிசைக்காரர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து சபைக்கு வரும் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு அவர் முன்னால் வந்து நின்றாள். 

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க சொன்ன சாட்சியக் கேட்டுத்தான் இவளுக்கு வலிப்பு மாத்திரைய நிறுத்துனேன்."

 அவர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டார்.