குண்டடத்து இரும்பும் குழந்தைச் சட்டைகளும்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி. தைத்து முடித்த குழந்தைச் சட்டைகளில் உடைந்த ஊசி ஏதும் சிக்கியிருக்கிறதா என்று மெஷினில் விட்டுப் பார்ப்பது பிரியங்காவின் வேலை. இரும்பு இருந்தால் மெஷின் கத்தும். அந்த மாதம் அது ஓயாமல் கத்தியது. பிரித்துப் பார்த்தால் ஊசி இல்லை. ஏதோ கறுப்புத் துணுக்கு. மெக்கானிக் தையல்காரர்களைத் திட்டினார். தையல்காரர்கள் பிரியங்காவைத் திட்டினார்கள். சரக்கு ஏறாமல் கிடந்தது.

பொறுக்க முடியாமல் அவளே ஒவ்வொரு செக்‌ஷனாகத் தேடிப் போனாள். கட்டிங் மேஜையில் துணி நகராமலிருக்கப் பாரம் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று கொய்யாப்பழத்தைவிடச் சற்றுப் பெரிய, கரடுமுரடான இரும்புக்கட்டி. தொட்டதும் பொருக்கு உதிர்ந்தது.

"ஏனுங்கண்ணா, இது எங்கிருந்து வந்துச்சுங்க?"

கட்டிங் மாஸ்டர் சென்னிமலை சிரித்தார். "குண்டடத்துல மச்சான் காட்டுல உழறப்பக் கெடைச்சதுங்க கண்ணு. நல்ல கனமா இருக்குதுன்னு கொண்டாந்தேன்."

"ஒரு மாசமா என்ற உசுரே போகுதுங்கண்ணா!"

முதலாளி செந்தில்வேல் அதை அறுத்துப் பார்க்கச் சொன்னார். பட்டறையில் ரம்பம் தேய்ந்தது; உள்ளே வெள்ளிபோல மின்னியது. இது சாதாரண இரும்புதானா என்று சந்தேகப்பட்டு, நிலவியல் பேராசிரியர் பிரபாகரை வரவழைத்தார். அவர் ஒரு துண்டை எடுத்துப்போய் மெருகேற்றி, அமிலம் பூசி, நிக்கல் அளந்து, அது விண்கல்தான் என்றார்.

அதன்பின் பிரியங்காவுக்கு நிம்மதியே இல்லை. விண்கல்லுக்கு, அது கிடைத்த ஊரின் பெயரையே வைப்பார்களாம். சரியான இடம் கேட்டுப் பேராசிரியர் அவளுக்கே போன் செய்தார். சென்னிமலையைக் கேட்டால் ஒரு நாள் கிணற்றுமேடு என்றார், மறுநாள் வேலியோரம் என்றார்.

"நான் பீஸ் பாக்கட்டுமா, இல்ல இந்தக் கட்டிக்கு ஜாதகம் எழுதட்டுமா?" என்று செந்தில்வேலிடமே கேட்டுவிட்டாள்.

கடைசியில் மச்சானை நேரில் வரச்சொல்லி இடத்தை உறுதிசெய்தார்கள். சில மாதங்களில் அதை வகைப்படுத்தி, 'குண்டடம்' என்றே பெயர் பதிவுசெய்தார்கள். கம்பெனியில் கேக் வெட்டினார்கள். பிரபாகர் மெருகேற்றிய துண்டைப் பிரியங்காவின் கையில் வைத்தார். பட்டைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின.

"லட்சக்கணக்கான வருஷம் கொஞ்சங்கொஞ்சமா ஆறின இரும்புலதாம்மா இந்தக் கோடு விழும்."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாயில் வந்த வசவு நின்றுவிட்டது.

"அழகாத்தானுங்க இருக்குது சார். ஆனா, தயவுபண்ணி நீங்களே வச்சுக்குங்க."