சாலையோரப் பாத்தி

தங்கையை எல்லோரும் 'கீரைக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அக்காவுக்கு உள்ளூரப் பெருமை. புருஷன் போன பிறகு நெடுஞ்சாலையை ஒட்டிய துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, ஒற்றை ஆளாக ஆறு பாத்தி கீரை போட்டு நிமிர்ந்தவள். அவள் விற்கும் கீரைக்கட்டில் அழுகல் இலை ஒன்றுகூட இருக்காது.

சாலையோரப் பாத்தியை மட்டும் அவள் விற்றதே இல்லை. லாரிப் புகை படிந்து இலையெல்லாம் கறுத்திருக்கும். "காசு கொடுத்து வாங்குறவங்களுக்கு இதையா கொடுக்கிறது?" என்பாள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று தண்ணீரில் அலசி, ஆறு வயது மகளுக்குச் சமைத்துப் போடுவாள்.

"ஊருக்குப் பச்சைப் பட்டு, பெத்த பொண்ணுக்குக் கரித்துணியா?" என்று அக்கா சீண்டுவாள்.

"போக்கா! கழுவினா எல்லாம் ஒண்ணுதான்."

மகள் பக்கத்தில் குந்திக்கொண்டு அலசுவதை எண்ணுவாள். ஒருநாள் காலை, "ஒண்ணு, ரெண்டு..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சொல்லுடி, அடுத்து என்ன?"

குழந்தை தாயின் முகத்தையே பார்த்தது. நூறு வரை மூச்சுவிடாமல் சொன்ன பிள்ளை.

வயிற்றுவலி, சோகை என்று ஏற்கெனவே இரண்டு மாதம் அலைந்திருந்தார்கள். இந்த முறை டாக்டர் இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எக்கச்சக்கமாக இருந்தது. நிலத்து மண்ணையும் கேட்டார். அக்காவே பாத்திக்கு ஒன்றாக ஆறு பொட்டலம் கட்டி, எண் எழுதிக் கொடுத்தாள். ஐந்தில் பயப்பட ஒன்றுமில்லை. சாலையோரப் பொட்டலத்தில்தான் எல்லாம் இருந்தது.

"பெட்ரோல்ல ஈயம் கலந்த காலத்துப் புகைம்மா. அப்போ மண்ணுல இறங்கினது இன்னும் அங்கேயேதான் கிடக்கு. கழுவினா தூசி போகும், உள்ள ஏறினது போகாது. இனிமே ஏறாம பார்த்துக்கலாம். ஆனா ஈயம் மூளையைத்தான் தாக்கும்; அதுல போனது திரும்பி வருமான்னு மட்டும் என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "அந்தப் பாத்திக் கீரையை யார் யார் வாங்குறாங்க?"



"யாருக்கும் விக்கலை டாக்டர்" என்றாள் அக்கா.

மறுநாள் தங்கை அந்தப் பாத்தியை வேரோடு பிடுங்கிப் போட்டாள். வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். மகள் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு... ரெண்டு..."

அக்கா திருத்த வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். தங்கை தண்ணீரிலிருந்து கையை எடுக்கவே இல்லை.