மான் என்று அர்த்தம் வரும் பெயர்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்குப் பத்து வயது நடக்கும்போது அம்மா மறுபடி உண்டானாள். பெண் பிறந்தால் தபித்தா என்று வைப்பதாக முடிவு. சபைப் போதகர்தான் அர்த்தம் சொன்னார்: அரமேய மொழியில் பெண்மான். கிரேக்கர்கள் அதையே தொர்க்காள் என்பார்களாம்.

எதிர்வீட்டு அக்காவும் அப்போது மாசமாக இருந்தாள். மண்ணூர்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். குழாயடியில் அம்மா பெயரையும் அர்த்தத்தையும் சொன்னதும் வாயைப் பிளந்தாள்.

"இன்னாக்கா இது! எங்க ஊட்டுக்காரரும் மான் பேருதான் சொல்லிகினு கீறாரு. ஹரிணியாம்."

இருவரும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

எங்கள் பாப்பா ஆறு நாள்தான் இருந்தது. மஞ்சள் காமாலை என்றார்கள். ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. கல்லறைத் தோட்டத்தில் பதிவு எழுதுகிறவர் பெயர் கேட்டார். அப்பா சின்னப் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே நின்றார். "பெண் குழந்தை" என்று மட்டும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார் அவர்.

அடுத்த மாதம் எதிர்வீட்டில் பெண் பிறந்தது. பெயர் வைப்பதற்கு முந்தின நாள் அந்த அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, நான் வேற பேரு வெச்சுடறேன்க்கா."

"எதுக்கு? ஆசைப்பட்ட பேரை வை," என்றாள் அம்மா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

விசேஷத்துக்கு அம்மா போகவில்லை. பாப்பாவுக்காகத் தைத்திருந்த மஞ்சள் கவுனைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்து அனுப்பினாள். தொட்டிலருகே நின்றேன். குழந்தையின் அத்தை குனிந்து காதில் மூன்று முறை சொன்னது எனக்கும் கேட்டது. ஹரிணி.

"என்ன பேரு வெச்சாங்க?" வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா கேட்டாள்.

"ஏதோ சாமி பேரும்மா. மறந்துட்டேன்."

அம்மா மூச்சு விட்ட விதத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலு நாள்தான் அந்த நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டுக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஹரிணிக்குட்டி, ஹரிணிக்குட்டி" என்று வராந்தாவில் உலாவினார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்துபோய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி முறத்தை எடுத்தாள்.

அந்தக் குழந்தை வளர்ந்து, நடந்து, எங்கள் வீட்டிலேயே பாதி நேரம் கிடந்தது. அம்மா சோறு ஊட்டுவாள், தலை பின்னிவிடுவாள். கூப்பிடுவது மட்டும் "பாப்பா". பெயர் சொல்லி ஒருநாளும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் பூந்தமல்லிக்கு வீடு மாறினோம். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது ஹரிணி பள்ளி யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு என் பேரே தெரியாதா?"

"தெரியும்மா," என்றாள் அம்மா. அதற்குமேல் சொல்லப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, வண்டியில் ஏறி முன்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.