இரண்டாம் ஞானஸ்நானம்

என் மனைவி மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்னபோது, ஆதித் திருச்சபை வரலாற்றில் நான் முதல் வகுப்பில் தேறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன் நான். பரம்பரைக் கத்தோலிக்கன். இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போய் இறையியல் வகுப்பில் உட்கார்ந்தேன். கூடப் படித்தவர்கள் பக்திக்காக வந்தார்கள். நான் சண்டைகளுக்காகப் போனேன். ஆயர்கள் ஒருவரையொருவர் திட்டி எழுதிய கடிதங்களைப் பற்றிக் கேட்கும்போது எனக்குக் கிடைத்த ஆறுதல் எந்தச் செபத்திலும் கிடைத்ததில்லை.

மனைவிக்கு ஆரோவில்லில் ஊதுபத்தி செய்யும் இடத்தில் வேலை. வேனில் அவளோடு வரும் பெண்கள் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு சபைக்குப் போகிறவர்கள். ஒரு வருடமாக, காலையில் என்னோடு பூசை பார்த்துவிட்டு, பத்து மணிக்கு அவளும் அங்கே போய்வந்தாள். நான் தடுக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், அவள் போனால் ஞாயிறு மத்தியானம் வரை வீட்டில் நிம்மதியாகப் படிக்க முடிந்தது.

"ஏங்க, அடுத்த மாசம் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கலாம்னு இருக்கேன்" என்றாள், கீரை ஆய்ந்தபடி.

"நீதான் ஏற்கெனவே எடுத்துட்டியே."

"அது கொழந்தையில எடுத்தது. எனக்கு என்னா தெரியும் அது?"

இந்தக் கேள்விக்காகவே இரண்டு வருடம் பஸ்ஸில் போய்வந்தவன் போல ஆரம்பித்தேன். ஆண்டவர் ஒருவர், விசுவாசம் ஒன்று, ஞானஸ்நானமும் ஒன்று என்று பவுல் எழுதியதைச் சொன்னேன். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரத்து ஆயருக்கும் ரோமாபுரி ஆயருக்கும் நடந்த சண்டையைச் சொன்னேன். சபையை விட்டுப் பிரிந்துபோனவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா, செல்லாதா? செல்லவே செல்லாது, வருகிறவனுக்குப் புதிதாகக் கொடு என்றார் கார்த்தேஜ்காரர். செல்லும், கொடுத்தவன் யாராக இருந்தாலும் பரவாயில்லை, தண்ணீரும் பிதா சுதன் பரிசுத்த ஆவி என்ற வார்த்தையும் இருந்தால் போதும் என்பது ரோமாபுரியின் பக்கம். கடைசியில் ரோமாபுரிதான் ஜெயித்தது. ஒருமுறை கொடுத்தது கொடுத்ததுதான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "ரெண்டு பேரும் அப்பறம் சமாதானம் ஆயிட்டாங்களா?"

"இல்ல. அதுக்குள்ள ரெண்டு பேரும் செத்துட்டாங்க. ரெண்டு பேருமே இப்ப புனிதருங்க."

"அப்போ ரெண்டு பேரு சொன்னதும் சரிதானே?" என்று சொல்லிவிட்டுக் கீரையைக் கழுவ எழுந்து போனாள். எங்கள் பாடத்திட்டத்தில் இது இல்லை.

மனைவியிடம் தோற்றவன் அடுத்து அந்தச் சபையின் பாஸ்டரிடம் போனேன். அவர் உப்பளத்தில் பல வருடம் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டியவர். கையில் ஆயில் கறை இன்னும் முழுசாகப் போகவில்லை. நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"பைபிள்ல, பிலிப்பியில சிறைக்காவலன் வீட்டார் அத்தன பேருக்கும் ஞானஸ்நானம் குடுத்தாங்கன்னு இருக்குது. அந்த வீட்ல கொழந்தைங்க இருந்திருக்கும் இல்லையா?" என்றேன்.

"கொழந்த இருந்துச்சுன்னு எழுதியிருக்குதா சார்?"

"இல்லன்னும் எழுதல."

"அதான் சார் பிரச்சன" என்றார் வருத்தத்தோடு. எனக்காகத்தான் வருத்தப்பட்டார் என்று தோன்றியது. நான் விடவில்லை. எந்தப் பெயரால் கொடுப்பீர்கள், இயேசு நாமத்தில் மட்டுமா, மூவர் பெயராலுமா என்று கேட்டேன். "வந்து பாருங்க சார். நீங்க வந்தா அவங்களுக்கும் தெம்பா இருக்கும்" என்றார்.

இனி எழுத்தில் ஆதாரம் காட்டுவது ஒன்றுதான் வழி. அவளுடைய ஊர் பிரம்மதேசத்துக்கு அந்தப் பக்கம். ஒரு சனிக்கிழமை அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அந்தப் பங்குக் கோயிலுக்குப் போனேன். தேதியும், தண்ணீர் ஊற்றிய சாமியார் பெயரும் கண்ணால் பார்த்துவிட்டால் மனசு மாறிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். உபதேசியார் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவள் பிறந்த வருடத்தைப் பார்த்தோம். அடுத்த வருடத்தைப் பார்த்தோம். அண்ணன் பெயர் இருந்தது. தங்கை பெயர் இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவன் பெயர்கூட அழகான கையெழுத்தில் இருந்தது. இவள் பெயர் இல்லை.

"அப்போ கல்யாணத்துக்கு, ஞானஸ்நானம் வாங்குனவதான்னு எப்படி ஓலை குடுத்தீங்க?" என்றேன்.

"எனக்கு முன்னாடி இருந்தவரு குடுத்தது சார். தெரிஞ்ச குடும்பம்னு எழுதிக் குடுத்திருப்பாரு."

நேராக மாமியார் வீட்டுக்குப் போனோம். மாமியார் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் துழாவுவதை நிறுத்தாமலே யோசித்தார்.

"அப்போ விடாம மழ. ஏரி ஒடைஞ்சி ரோடெல்லாம் தண்ணி. சாமியால வர முடியல. அப்பறம் நடவு வந்துடுச்சி. சரி, அடுத்த கொழந்தையோட சேத்துக் குடுத்துடலாம்னு உங்க மாமா சொன்னாரு."

"சேத்துக் குடுக்கலயா?"

"அன்னிக்கி இவளுக்கு ஜொரம். வூட்ல வுட்டுட்டுப் போனோம். அப்பறம் மறந்துட்டோம்பா. இப்போ என்னா அதுக்கு?"

திரும்பும் வழியில், உப்பளம் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி நின்று அழுதாள். "ஞானஸ்நானம் இல்லாதவங்களுக்கு நன்மை அப்பம் கெடையாது. இத்தன வருஷமா நான் வாங்கியிருக்கேன். மாதா சபையில இருந்திருக்கேன். நான் யாருங்க அப்போ?" என்றாள். அவள் தோளில் கைவைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டாவது வாட்டி கூடாதுன்னீங்களே. இது மொத வாட்டிதான்" என்றாள்.

திங்கட்கிழமை எங்கள் பங்குச் சாமியாரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஞானஸ்நானம் இல்லாம நடந்த உங்க கல்யாணம் செல்லுமான்னு அப்பறம் யோசிக்கலாம் சார். இப்போ வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க, பத்து நிமிஷத்துல நானே குடுத்துடறேன்."

வீட்டில் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். "என்னெ மறந்துட்டாங்கங்க. சொந்த அம்மாவே மறந்துட்டாங்க. இதெயும் பத்து நிமிஷத்துல, யாருக்கும் தெரியாம முடிச்சிக்க சொல்றீங்களா? நான் முழுசா நனையணும். நாலு பேரு பாக்கணும்."

நான் மாட்டிக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. கொடுப்பவன் யாராக இருந்தாலும் செல்லும் என்று அடித்துச் சொன்னவன் நான்தான். அப்படியானால் மோட்டார் ஓட்டியவர் கொடுத்தாலும் செல்லும். ஒரே ஒரு நிபந்தனை, வார்த்தை சரியாக இருக்க வேண்டும். அதனால், அவளுக்குத் தெம்பு கொடுப்பதற்கு என்று சொல்லிக்கொண்டு, வார்த்தையைக் காதால் கேட்பதற்காகவே போனேன்.

கடல் தண்ணீர் உள்ளே ஏறிவரும் கழுவெளியில், இடுப்பளவு ஆழத்தில் கொடுத்தார்கள். காலை எட்டு மணி இருக்கும். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரைக்கும் போனேன். சபையார் அதைப் பக்தி என்று நினைத்து எனக்கும் சேர்த்து அல்லேலூயா சொன்னார்கள். வெள்ளைப் புடவையில் அவள் கைகளை மார்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு முகத்தை நான் எங்கள் கல்யாணத்தன்று பார்க்கவில்லை. பாஸ்டர் கையை உயர்த்தி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, கரையில் உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் மோட்டாரை யாரோ ஓடவிட்டார்கள். பாஸ்டரின் உதடு அசைந்தது. அவள் முழுசாக உள்ளே போய் வெளியே வந்தாள்.

கரையில் துண்டை நீட்டியபடி கேட்டேன். "எந்தப் பேர்ல குடுத்தாரு?"

"காதெல்லாம் தண்ணிங்க. ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாஸ்டரிடமே கேட்டிருக்கலாம். துண்டைப் பிழிந்துகொண்டு பக்கத்தில்தான் நின்றார். நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பாஸ்டர் வேண்டாம் என்று சொல்லியும், பழக்கதோஷம் என்று ஏழு மணிப் பூசைக்கு என்னோடு வந்தாள். நன்மை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். சாமியார் அப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு, ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்பதுபோல், அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். அவர் கொடுத்துவிட்டார்.