மோட்டார் வண்டிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

போன வாரம் என் பேரனுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே பிளாஸ்டிக் கட்டைகள், கூடவே ஒரு மோட்டார். கட்டைகளில் இருக்கும் அதே குமிழ்கள் மோட்டாரின் தலையிலும் இருந்தன. வைத்து அழுத்தினால் போதும், பொருந்திக்கொள்கிறது. கட்டைகளை எண்ணிப் பார்த்தேன். பெட்டியில் போட்டிருந்த கணக்கு சரியாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாததில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

எங்கள் காலத்தில் கட்டை வேறு, மோட்டார் வேறு. இரண்டையும் சேர்த்து வைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அப்போது நாங்கள் திருவொற்றியூரில் குடியிருந்தோம். துறைமுகத்தில் சேதமான சரக்கை ஏலம் விட்டபோது, அப்பாவின் சிநேகிதர் எடுத்த மூட்டையில் மூடியில்லாத ஒரு டப்பா கிடைத்து, அது என்னிடம் வந்தது. எண்பத்தேழு கட்டைகள், ஐந்து சக்கரங்கள். அந்த ஐந்தாவது சக்கரம் எந்த வண்டியைச் சேர்ந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மாமா வேலையில்லாமல் எங்கள் வீட்டில் இருந்தார். பழைய டேப் ரெக்கார்டரில் கழற்றிய மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து என் கட்டை வண்டியில் ஏற்றப் பார்த்தார். மோட்டார் உருண்டை, கட்டை சதுரம். நான்கு பக்கமும் கட்டைச் சுவர் எழுப்பி, இடுக்கில் சைக்கிள் டியூப் துண்டுகளைச் செருகி இறுக்கினார். ஊசி போலிருந்த மோட்டார் அச்சில் வால்வு டியூப்பை மாட்டி நேரே சக்கரத்தோடு சேர்த்தபோது, வண்டி சீறிப் பாய்ந்து குட்டிக்கரணம் போட்டது. பிறகு பின்சக்கரங்களுக்கு நடுவே காலி நூல்கண்டு ஒன்றைக் கோத்து, அதற்கும் மோட்டாருக்குமாக ரப்பர் பேண்டு போட்டார். இப்போது வேகம் அடங்கியது. இரண்டு டார்ச் செல்களைச் சுமந்துகொண்டு வண்டி நிதானமாக அறையைக் கடந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் தட்டில் முட்டி நின்றது.

மாமாவைப் பற்றி அப்பா ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள், கப்பலில் சரக்கு தூக்கும் வின்ச்சுகளைப் பழுது பார்க்கும், தான் வேலை செய்த பட்டறையிலிருந்து வந்ததும் மாமாவிடம், "மேஸ்திரியாண்ட சொல்லிட்டேன். ஆயுத பூசையன்னிக்கு வண்டிய எட்துகினு வா. பாத்துட்டு உன்ன ஹெல்பரா சேத்துப்பாரு. என்னாண்டயே நின்னு லேத்து கத்துக்கலாம். இல்லாங்காட்டி மாதவரத்துக்குப் போயி உங்கண்ணன் வூட்டு மாட்ட மேய்" என்றார்.

"சரி மாமா" என்றார் மாமா, டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே. அப்பா கை கழுவப் போனதும் என் பக்கம் திரும்பினார். "காத்தால எழுந்தா உங்கப்பா. பட்டறைல உங்கப்பா. ராவுல படுத்தா பக்கத்துல உங்கப்பா." விரல் விட்டு எண்ணினார். எண்ணுவது எனக்குப் பிடிக்கும் என்பதால் நான் சிரித்தேன்.

மாமா மாதவரத்துக்குப் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் என் கவலை. பூசை வரும்வரை சாமியிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

அன்று பட்டறையில் லேத்து மெஷின்களெல்லாம் சந்தனமும் குங்குமமுமாக நின்றன. வாசலில் லாரி எலுமிச்சம்பழங்களை நசுக்கி முடித்திருந்தது. எங்கள் வண்டியைச் சிமென்ட் தரையில் விட்டோம். ஓடியது. மேஸ்திரி குனிந்து வால்வு டியூப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாதான் கீது" என்றார். அப்பாவின் முகம் தெளிந்தது. "ஆனா இன்னிக்குப் பழம் வெக்காம எந்த வண்டியும் இங்கேர்ந்து போனதில்ல" என்று மேஸ்திரி தட்டை நீட்டினார்.

தட்டில் ஆறு பழங்கள். கோலிக்குண்டு போல ஒன்று, நன்றாகப் பழுத்து ஒரு பக்கம் அமுங்கியே இருந்தது. அதை எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, பச்சை மாறாத பெரிய காயை எடுத்துச் சக்கரத்தின் முன்னால் வைத்தார்.

"மாமா, அது காயி."

"சும்மாரு மாப்ள. சாமிக்குச் சின்னதா வெப்பாங்களா?"

வண்டி காயில் முட்டி நின்றது. மோட்டார் முனகியது. மாமா பின்னாலிருந்து ஒரு விரலால் தள்ளிக் கொடுத்தார். கட்டைச் சுவர் பிளந்து, மோட்டார் துள்ளி விழுந்து, கட்டைகள் பட்டறை முழுக்க ஓடின.

"இன்னாபா இது, வண்டி பழத்த நசுக்கும்னு பாத்தா, பழம் வண்டிய நசுக்கிட்ச்சு" என்றார் மேஸ்திரி. அப்பாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் அப்பாவிடம் மெதுவாக, "பூசையன்னிக்கு செதறிப்போச்சேப்பா. இதுக்கு மேல ஆள சேத்தா வெளங்காது" என்றார். சகுனத்தை எதிர்த்துப் பேசும் வழக்கம் அந்தப் பட்டறையில் இல்லை.

எண்பத்தைந்து கட்டைகள் திரும்பக் கிடைத்தன. மற்ற இரண்டும் லேத்துக்கு அடியில் போயிருக்க வேண்டும். பூசையில் இருக்கும் லேத்தைத் தொடக் கூடாது என்று தேட விடவில்லை.

அப்பா முன்னால் நடந்தார். நான் அழுதுகொண்டே வந்தேன். மாமா பொரியை வாயில் கொட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் அம்மாவிடம் நடந்ததையெல்லாம் நானே சொன்னேன், அந்தப் பச்சைக் காய் உட்பட. எங்கள் வீட்டுக்குக் கடையில் காய்கறி அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர் மாமாதான். அம்மா தம்பியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அவர் தட்டில் இன்னொரு கரண்டி சுண்டல் போட்டாள்.

அடுத்த வாரம் மாமா மோட்டாரை என்னிடம் கொடுத்துவிட்டு மாதவரம் பஸ் ஏறினார். ஜன்னல் வழியே கையாட்டிச் சிரித்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாவம், வேலை கிடைக்காத துக்கத்தை எனக்காக மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.