மேல் டிவிசனில் எல்லோரும் சுகம்

டொக்டர் ஐயா மருந்தகப் பதிவேட்டை என் பக்கம் திருப்பியபோது, பெயர்கள் எழுதியிருந்த பத்தியை ஒரு பழைய காலண்டர் அட்டையால் மறைத்துக்கொண்டார். "பேரு ஒங்களுக்கு வேணாம்மா. மத்தத பாருங்க" என்றார். ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பட்டம் பெற்ற மருத்துவர் அல்ல. ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளர்களுக்கு அவர்தான் டொக்டர்.

நான் வீடு வீடாகப் போய் உடல்நலக் கணக்கெடுப்பு செய்பவள். கடந்த ஒரு மாதத்தில் ஏதாவது நோய் இருந்ததா என்பது என் முதல் கேள்வி. தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேல் டிவிசனில் நான் பார்த்த பெண்கள் அத்தனை பேரும் "இல்லைங்க" என்றார்கள். படிவங்கள் சீக்கிரமே முடிந்துவிட்ட சந்தோஷத்தில் அதை டொக்டர் ஐயாவிடமும் சொன்னேன்; அதற்குத்தான் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பதில்களை வைத்துத்தான் அங்கே வாராவாரம் நடக்கும் கிளினிக்கை நிறுத்துவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள் என்பதை அறிந்தும் நான் யோசிக்கவில்லை.

அட்டைக்கு வெளியே தெரிந்த வரிகளில் விரலை ஓட்டினேன். மேல் டிவிசன், மூச்சு இளைப்பு. மேல் டிவிசன், கை வலி, பெனடோல் மாத்திரை. அடுத்த பக்கத்திலும் அதேதான்.

"யாரு கூட போனீங்க?" என்று கேட்டார்.

"கங்காணிதான் வழிகாட்ட வந்தாருங்க."

"வேலை வாங்குற மனுஷன் பக்கத்துல நிக்கிறப்ப சொகமில்லைன்னு யாரும்மா சொல்லுவாங்க? வேலைக்கு ஆகாதுன்னு ஒதுக்கிருவாங்கன்னு பயம். அதுவும் நோய்னு கேட்டா, படுக்கையில விழுந்தாத்தான் அவங்களுக்கு நோய்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து மேல் டிவிசனுக்குத் தனியாகப் போனேன். நோய் என்ற சொல்லை விட்டுவிட்டு, என்ன வேலை செய்யும்போது உடம்பு கஷ்டப்படுகிறது என்று கேட்டேன். விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டாள். பிறகு என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"கையத் தூக்குனா அக்குள்ல ஒரு கட்டி தட்டுதுங்க. எங்க வீட்டுக்காரருக்கே சொல்லல."

"டொக்டர் ஐயாகிட்ட?"

"ஆம்பளைகிட்ட எப்பிடிங்க? கை வலின்னு சொல்லி மாத்திரை வாங்கிக்கிட்டேன்."

டொக்டர் ஐயாவின் பதிவேட்டில் கை வலி. என் படிவத்தில் நோய் இல்லை. அவரும் நானும் காதில் விழுந்ததை அப்படியேதான் எழுதியிருந்தோம். கட்டியைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல் கிடையாது.

அவள் சம்மதத்தோடு டொக்டர் ஐயாவிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கடிதம் எழுதி, பிரசவம் பார்க்கும் தோட்டத்து மருத்துவமாதுவைத் துணைக்குச் சேர்த்து அவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மற்ற வீடுகளுக்கும் நான் மறுபடி ஏறி இறங்கினேன். புதிய பதில்கள் போய்ச் சேர்ந்தபின் கிளினிக்கை நிறுத்தும் பேச்சு அடங்கியது. ஆனால் அந்தப் பெண்ணின் பரிசோதனை முடிவு மட்டும் வாரக்கணக்கில் வரவில்லை.

ஒருநாள் கொட்டகலை கடைவீதியில் கரட் வாங்கிக்கொண்டிருந்தபோது டொக்டர் ஐயா போனில் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ளைக்கு வெறும் கொழுப்புக் கட்டிதானாம். எடுத்துட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்லையாம். நாளைக்கே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறேன்னு நிக்கிறா. ஒரு வாரம் பேசாம இருன்னு நாந்தான் சத்தம் போட்டிருக்கேன்."

காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு, கடைப்படியிலேயே உட்கார்ந்தேன். மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிம்மா, வெளிய ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்று போனை வைத்தார்.